கல் காக்காத தவளைகள்

கல்வெட்டுகளைப் படித்து வரலாறு எழுதிய மரபினர் நாம். கல் எதையும் மறவாது என்றொரு நம்பிக்கை நமக்குள் ஊறிக் கிடக்கிறது. ஐந்தருவியின் பாறை அந்த நம்பிக்கையைக் குலைக்கிறது.

சாரல் காலமொன்றில் நண்பர்கள் சிலராகக் குற்றாலம் சென்றிருந்தோம். ஐந்து கிளையாய் விழும் நீருக்குப் பின்னே கறுத்து நின்ற பாறையில் தொல்லுயிர் எச்சம் ஏதும் இருக்குமோ என்று எங்களுக்குள் பேச்செழுந்தது. இராது. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை அது. வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். நான்கு கால் உயிர்கள் தோன்றியதே 40 கோடி ஆண்டுகளுக்கு இப்புறம்தான்.

சேறும் மணலும் படிந்து இறுகிய நிலங்களின் கதை வேறு. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு பல்லைக் கொண்டு, ட்ரூடோன்டிட் என்னும் சிறிய டைனோசர் குடும்பம் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கும் உலவியதென 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அக்குடும்பம் அடியோடு அற்றுப்போனது. மும்பையின் வொர்லியில், எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கிடையே படிந்த சேறு சின்னஞ்சிறு தவளைகளின் எலும்புக்கூடுகளையே காத்து வைத்திருந்தது. 1847இல் ரிச்சர்ட் ஓவன் விவரித்த அத்தவளைக்கு இன்று இண்டோபாட்ராக்கஸ் என்று பெயர்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலோ பழமை கல்லில் இல்லை, உயிரில் இருக்கிறது. குற்றாலத்துக்கு வடக்கே, திருவில்லிபுத்தூர் மலைக்காட்டிலிருந்து 2017இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது ஒரு பன்றிமூக்குத் தவளை. மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரை அது தாங்கியிருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழ்ந்து, இணைசேர மட்டும் மழைநாளில் வெளியே வரும். அதன் நெருங்கிய உறவுகள் கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில் உள்ளன. இரு கிளைகளும் பிரிந்தது டைனோசர்களின் காலத்தில்.

அரியலூரில் அழிந்த குடும்பம் ஒரு பல்லையாவது விட்டுச் சென்றது. மழை அரித்துக்கொண்டேயிருக்கும் இம்மலைச்சரிவில் அழிவது அதைக்கூட விட்டுச் செல்வது அரிது. ஓடையை மறித்து, கரைக்காட்டை வெட்டி இத்தவளையை நாம் இழந்தால், இப்படியொன்று இருந்ததென்று சொல்ல இங்குள்ள கல் முன்வராது. இப்போதைக்கு அதன் தலைப்பிரட்டைகள், பாயும் நீரிலும் பிடி தளராமல், அந்தக் கல்லையே வாயால் பற்றிக்கொண்டு வளர்கின்றன.