மூன்றாம் எண்

என் பாட்டனார் 1994-ஆம் ஆண்டில் வாங்கிய கணிப்பொறி எங்கள் இல்லத்துப் பரணிற் கிடந்தது. தம் ஊர் நெசவாளர் வழங்குஞ் சொற்களைப் பல்லாண்டு தொகுத்து அதனுட் பதித்துவைத்த அவர், படியெடுத்தாரில்லை. நெகிழ்வட்டுக் கருவி பழுதுற்றிருந்தமையின், அக்கோப்புகளை வேறொரு பொறிக்கு அனுப்பக் கருதிப் பழைய நெட்வொர்க் அட்டையொன்றைத் தேடிக் கொணர்ந்து பொருத்தினேன். அந்தோ! சுட்டெலி அசையாது நின்றது, அட்டையும் ஊமையாயிற்று. அட்டையே பழுதெனத் துணிந்து கழற்றி எறியவும் முற்பட்டேன்.

காரணம் பின்னரே விளங்கிற்று. அக்காலத்து ஐ.எஸ்.ஏ. அட்டைகள் மையச் செயலியை அழைத்தற்குக் குறுக்கீட்டுத் தடங்கள் உள. 1984-இல் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.டி. பொறியில் அவை 0 முதல் 15 வரை எண் பெற்றன. அவற்றுள் 2, பின்னைய எட்டனையும் முன்னையவற்றோடு இணைத்தற்கே செலவாயிற்று. ஒரே தடத்தில் இருவர் அழைப்பின் ஒருவர் குரல் கேளாதொழியும். எலி செருகியிருந்த இரண்டாந் தொடர்வாயிலுக்குரிய எண் 3. யான் கொணர்ந்த அட்டையும் அதனையே பற்றியிருந்தது.

நிற்க. வெறுமையாயுள்ள தடம் யாது? பெட்டியின் மூடியைத் திருப்பியபோது, உட்புறத்தே பாட்டனார் பென்சிலால் எழுதியிருந்தார்: “3 எலி, 4 மோடம், 5 காலி, 7 அச்சு.” அவரும் இவ்வாறு இடர்ப்பட்டே கற்றனர் போலும்! அட்டையின் ஜம்பரை 3-இலிருந்து 5-க்கு மாற்றி, இயக்குநிரலுக்கும் அவ்வெண்ணையே அறிவித்தேன். எலி ஓடிற்று, கோப்புகளும் ஒவ்வொன்றாய் வந்தன. கடைசிக் கோப்பில் ‘பாவு’ என்னுஞ் சொல்லுக்கு அவர் எழுதத் தொடங்கிய பொருள் பாதியில் நின்றிருந்தது.