கம்பம் ரோடு

தேனியில் நேரு சிலை அருகே மூன்று சாலைகள் கூடுகின்றன. மதுரை ரோடும் பெரியகுளம் ரோடும் வெளியூர் போவதற்கு. கம்பம் ரோடு மட்டும் எனக்குத் தெரு. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்ப் பெயர்கள் மாறினாலும், லோயர் காம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறும் வரை, சுமார் 60 கிலோமீட்டரும் ஒரே தெருதான். பட்சபாதம் என்பீர்கள், இருக்கட்டும்.

இந்தத் தெருவை வாழ வைத்தது தண்ணீர். மேற்கே ஓடிக் கடலில் விழ வேண்டிய பெரியாற்றைப் பென்னிகுயிக் துரை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1895-க்குப் பிறகு பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளைந்தது. நெல் வந்தால் வண்டி வரும். வண்டி நின்றால் கடை வரும்.

1928-ல் மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிக்கு ரயில் வந்தது. பாவம், அதற்கு நிலையான ஆயுசு இல்லை. யுத்த காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தி, 2022-ல்தான் தேனிக்கு மறுபடி ரயில் விட்டார்கள். ரோடு இப்படியெல்லாம் லீவு எடுத்ததில்லை. விடியுமுன்னே தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறுவார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்பமார்கள். 2011 டிசம்பரில் அணைப் பிரச்னை முற்றியபோது, ஆயிரக்கணக்கான ஜனங்கள் இதே ரோட்டில் குமுளியை நோக்கி நடந்தார்கள். தண்ணீர் போனால் தெருவும் போகும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போது புறவழிச் சாலை வந்துவிட்டது. அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கு அது தெய்வம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் சின்னமனூரில் ஒரு டீக்கடைக்காரரிடம் வியாபாரம் எப்படி என்று விசாரித்தேன்.

"சாமிமாருக வண்டியெல்லாம் வெளியவே போயிருதுங்கய்யா. தூசி கொறஞ்சிருக்கு, கல்லாவும் கொறஞ்சிருக்கு" என்றார், கிளாஸைக் கழுவியபடியே.

உள்ளூர்க்காரர்கள் வருகிறார்களே என்றேன்.

"அவுக கடன் சொல்றவுக!"

அங்கிருந்து கிளம்பியதும் டிரைவரிடம் ஊருக்குள்ளேயே போகச் சொன்னேன். உத்தமபாளையத்தில் ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் அரைமணி நேரம் நின்றோம். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே தலையை நீட்டி, தள்ளுவண்டிக்காரரிடம் பன்னீர் திராட்சைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன்.