எஃகும் சுருள்வில்லும்

பழனி மலைத்தொடரில் வாழ்வோருக்குச் சமதளம் அரிய பொருள். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய ஏறத்தாழ 5 கி.மீ. பாதையில் வாடகை மிதிவண்டி ஓட்டி மகிழும் விருந்தினர், மலை முழுவதும் இவ்வாறே இருக்கும் என எண்ணக்கூடும். மதுரை ஆட்சியராகப் பணியாற்றிய லெவிஞ்ச் என்பவரின் முயற்சியால் 1863-இல் ஓடைநீரைத் தடுத்து உருவாக்கிய ஏரி அது. அதன் கரையில் சமதளம் வாய்த்ததில் வியப்பில்லை. கரையைவிட்டு எத்திசையில் திரும்பினாலும் ஒன்று ஏற்றம், அல்லது இறக்கம். பெருமாள்மலையைத் தாண்டிப் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் போனாலோ, தார்ச்சாலை முடிந்து கல்லும் வேரும் நிறைந்த காப்பித் தோட்டப் பாதைகள் தொடங்கிவிடும்.

இப்பாதைகளில் நோயாளிகளையும் முதியோரையும் காணச் செல்ல நாம் வைத்திருப்பது, எஃகுச் சட்டகமும் முன்னும் பின்னும் சுருள்வில்லும் கொண்ட மலை மிதிவண்டி. 'டபுள் ஷாக்' என்று நம் இளைஞர்கள் சொல்வது இதைத்தான். "சாமி, இந்த வயசுல இது எதுக்கு? ஒரு பைக் வாங்கிக்கக் கூடாதா?" என்று கேட்பார் பலர். ஐம்பதைக் கடந்த முழங்கால்களும் அவ்வப்போது அதே வினாவை எழுப்புகின்றன. எனினும் இவ்வண்டி நமக்குக் கற்றுத்தரும் பாடம் ஒன்று உண்டு. அதற்காகவே இதை விட மனமில்லை.

இவ்வகை வண்டியின் வரலாறு ஓர் இறக்கத்தில் தொடங்குகிறது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் பகுதி இளைஞர்கள் பழைய, தடித்த டயர் கொண்ட எஃகு வண்டிகளில் மண்பாதை வழியே மலையிலிருந்து இறங்கினர். 1976 அக்டோபரில் அங்கே தொடங்கிய பந்தயத்திற்கு 'ரீபேக்' என்று பெயர். மூன்று கி.மீ.க்குச் சற்று மிகுந்த தொலைவில் ஏறத்தாழ 400 மீட்டர் இறங்குவதற்குள், பின்சக்கரத்தின் குடத்தினுள் அமைந்த பிரேக் கொதித்து, கிரீஸ் புகையாகிவிடும். கீழே வந்ததும் புதுக் கிரீஸை அடைத்தாக வேண்டும். அந்த வேலையே பந்தயத்தின் பெயராயிற்று. 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இத்தகைய பாதைக்கென்றே எஃகுச் சட்டகம் ஒன்றை வடித்தார். அதிர்வு தாங்கும் முன்கவட்டு 1990-களில்தான் பரவலாயிற்று. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் பந்தயம் இடம்பெற்றது.

எஃகு கனமானது. நம் வண்டி இருபது கிலோவை நெருங்கும். ஏற்றத்தில் அக்கனத்தை நம் கால்களே சுமக்க வேண்டும். ஆயினும் எஃகு பெரும்பாலும் வளைந்தோ விரிசலிட்டோ எச்சரித்த பிறகே முறியும். விரிசல் கண்டால் சிற்றூர் வெல்டிங் பட்டறையிலேயே சரிசெய்துகொள்ளலாம். அலுமினியம் அப்படியன்று, வெல்டிங் சூட்டில் அதன் உறுதி குறைந்துவிடும். எஃகின் பகை துரு ஒன்றே. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பனிமூட்டத்திலும் சட்டகத்தின் குழாய்க்குள் ஈரம் தங்கும். இருக்கைத் தண்டைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து நீரை வடித்து, உள்ளே எண்ணெய் விடுவது நம் வழக்கம்.

இனி, சுருள்வில்லுக்கு வருவோம். கல்லில் சக்கரம் மோதும்போது அது அமுங்கி அடியைத் தன்மேல் ஏற்கிறது. ஆனால், ஏற்றத்தில் நாம் எழுந்து நின்று மிதித்தால் அப்போதும் அமுங்குகிறது. சக்கரத்திற்குச் சேரவேண்டிய உழைப்பில் ஒரு பங்கு வண்டியை மேலும் கீழும் ஆட்டுவதிலேயே வீணாகிறது. ஆகவே, ஏறும்போது பின்வில்லின் வளையத்தைத் திருகி இறுக்கி, இருக்கையில் அமர்ந்து, சீராக மிதிக்க வேண்டும். கல்லுக்கு நெகிழ்வு, மிதிக்கு உறுதி என்னும் இரண்டும் ஒரே வண்டிக்குத் தேவை.

வேறொன்றும் உண்டு. விலையுயர்ந்த வண்டிகளில் வில்லோடு எண்ணெய் நிரம்பிய குழலும் இருக்கும். வில் அமுங்கி மீளும்போது எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்குண்டு செல்ல, அடியின் வேகம் வெப்பமாகித் தணிந்துவிடும். நம்முடையது போன்ற மலிவான வண்டியில் வெறும் வில்தான். அது வாங்கிய அடியை அப்படியே திருப்பித் தருகிறது. கல்லைக் கடந்த மறுகணம் இருக்கை நம்மைத் தூக்கி எறிகிறது. அடியை ஏற்பது ஒன்று. ஏற்ற அடியைத் திருப்பித் தராதிருப்பது வேறொன்று. எண்ணெய் இல்லாத வில்லுக்கு, ஓட்டுபவரின் தளர்ந்த முழங்கைகளும் சற்றே மடங்கிய முழங்கால்களுமே எண்ணெயாக வேண்டும்.

தோட்டத்துப் பாதை யாருக்கு என்று வழக்காடிய அண்ணன் தம்பி இருவரைக் காண ஒருமுறை சென்றிருந்தோம். மூத்தவர் தம் சினத்தை நம்மீது கொட்டினார், இளையவரும் அவ்வாறே. ஒருவர் சொல்லை மற்றவரிடம் நாம் கொண்டுசென்றிருந்தால் அது இருமடங்காகத் திரும்பியிருக்கும். இருவர் சொல்லும் நம்மிடமே தங்கின. பாதை இருவர்க்கும் பொது என்பதில் மட்டும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாவது சந்திப்பில்தான் இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். குருமடத்தில் பயின்ற இறையியல் பொறுமையின் இலக்கணத்தைச் சொல்லித்தந்தது உண்மை. அதன் பயிற்சியை இக்கற்பாதைகள் நாள்தோறும் தருகின்றன.

இவ்வண்டி வாங்க விரும்பும் இளைஞர்களுக்கும் ஒரு சொல்: வில்லின் பகட்டைக் கண்டு மயங்காமல் முதலில் பிரேக்கைப் பாருங்கள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை இறங்கும் நீண்ட பாதையில் பிரேக்கை விடாமல் பிடித்தவாறே வந்தால், ரிம்மும் கட்டையும் சூடேறும். கட்டை விரைவில் தேயும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். இடையிடையே நின்று ஆறவிடுங்கள். உங்களுக்காக வீட்டில் காத்திருப்போர் உண்டு.

நெகிழ வேண்டிய இடத்தில் நெகிழ்வும், நிலைக்க வேண்டிய இடத்தில் உறுதியும், பெற்ற அடியைத் தன்னுள்ளே தணித்துக்கொள்ளும் எண்ணெய் ஈரமும் எவரிடம் உண்டோ, அவரோடு வழிநடப்பது எளிது. முழங்கால்கள் இடந்தரும் வரை, இவ்வண்டியிலேயே மலையேறி அதைப் பயில்வோம்.