அம்மா பேர் முதலில்

செபராங் பிறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கூலி வேலை பார்த்த மாமா, லீவு கிடைத்தால் ரயிலேறி பாரிட் புந்தார் வந்துவிடுவார். சட்டைப் பையில் சின்னக் கத்தரியும் சாமணமும் இருக்கும். பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய் டின்களில் கொல்லைப்புறத்தில் அவர் நெல் நட்டிருந்தார். புக்கிட் மேரா ஏரித் தண்ணீர் 1906லிருந்து பாய்கிற ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல். "டின்னுல வேற நெல்லா?" என்று அம்மா சலித்துக்கொள்வார்.

நெற்பூ காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் திறக்கும். திறந்த கையோடு தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். அதனால் இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்க்கும் வேலை முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். உமியின் நுனியைச் சாய்வாக நறுக்கி, உள்ளேயிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் சாமணத்தால் எடுக்க வேண்டும். ஒன்று உடைந்தாலும் அந்தப் பூ வீண். "மூச்ச அடக்குடா, தம்பி" என்பார். எடுத்து முடித்ததும் கதிருக்கு எண்ணெய்த்தாள் உறை. மறுநாள் உறையை நீக்கி, வேறொரு ரகத்தின் பூத்த கதிரை மேலே பிடித்து மெல்லத் தட்டுவார். அந்த மஞ்சள் தூளுக்குச் சில நிமிடம்தான் ஆயுசு. எனக்கோ அப்போதுதான் தும்மல் வரும்.

பிறகு சீட்டு கட்டுவார். தாய் ரகத்தின் பேர் முன்னால், தகப்பன் பேர் பின்னால். "இங்க மட்டுந்தான்டா அம்மா பேரு முதல்ல" என்று அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு மாதத்தில், நறுக்கிய உமிக்கு வெளியே அரிசி தலைநீட்டும், அரைச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி.

1965இல் வெளிவந்த மசூரி நெல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். மலாயாவின் மாயாங் எபோஸையும் தைவானின் தைச்சுங் 65ஐயும் ஒட்டுச் சேர்த்தது ஒடிசாவின் கட்டாக்கில். வாரிசுகளில் நல்லதைப் பொறுக்கியெடுத்தது இங்கே. வருஷம் இரண்டு போகத்துக்கு ஏற்ற நெல். உயரமாக வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்துவிடும் என்பதுதான் அவருக்கு மனக்குறை.

அந்த மசூரி தமிழ்நாட்டுக்குப் போனது. அதிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் 1986இல் வந்த வெள்ளைப் பொன்னி. இப்போது அது கப்பலேறி எங்கள் ஊர்க் கடைகளுக்கு வருகிறது. உள்ளூர் அரிசி தொண்டையில் இறங்காது, பொன்னிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் அக்காளிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

"அப்படின்னா வெலையக் கொறைச்சுத் தரச் சொல்லு" என்றாள்.