நிலத்தைக் கேட்டுச் சக்கரம் பூட்டுவோம்

மதுரையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பயணம் செய்தால், சமவெளியின் நடுவே யாரோ ஒரு திண்டைக் கிடத்திவிட்டுச் சென்றது போன்ற பெரும் பாறை கண்ணில் படும். ஊருக்குத் திண்டுக்கல் என்ற பெயரைத் தந்தது அந்தப் பாறையே. 1605-ஆம் ஆண்டு மதுரை நாயக்கர் எழுப்பத் தொடங்கிய கோட்டை அதன் உச்சியில் நிற்கிறது. 1755-இல் ஹைதர் அலி இங்கே பவுஜ்தாராக வந்தமர்ந்தார். அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் நினைவைப் பேகம்பூர் இன்றும் தன் பெயரில் சுமந்து நிற்கிறது.

இவ்வூரைப் பற்றி எழுதுவோர் கோட்டையையும் பூட்டையும் தோல் பதனிடும் தொழிலையும் சொல்வார்கள். அவற்றையெல்லாம் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த சக்கரத்தைப் பற்றிச் சொல்வோர் குறைவு. காஷ்மீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் நெடுஞ்சாலை இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. இங்கே பல குடும்பங்களின் அடுப்பு எரிவது லாரி ஓடுவதால்தான். டீசலுக்கு அடுத்தபடி லாரிக்காரரின் கையைக் கடிக்கும் செலவு எதுவென்று கேட்டுப் பாருங்கள். டயர் என்று தயங்காமல் சொல்வார்.

ஓர் ஊர், பல நிலங்கள்

நகரை விட்டு எத்திசையில் சென்றாலும் நிலம் மாறிவிடுகிறது. நத்தம் சாலையிலிருந்து சிறுமலைக்கு ஏறினால் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைவாழைப்பழம் விளைவது இம்மலையில்தான். வண்டி போக முடியாத தோட்டங்களிலிருந்து குதிரைகளே இன்றும் சுமையைச் சாலைக்குக் கொண்டுவருகின்றன. மேற்கே ஒட்டன்சத்திரம், கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் பெருஞ்சந்தை. அங்கே சரக்கேற்றிய லாரி நல்ல தார்ச்சாலையில் இரவெல்லாம் ஓட வேண்டும். வடக்கே வேடசந்தூரைக் கடந்து கரிக்காலிப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் வெட்டும் பூமி. ஓடுபாதை முழுவதும் கத்தி போன்ற சில்லுகள். இடையிடையே குடகனாற்றின் மணலும், செம்மண் தடங்களும், சீமைக்கருவேல முள்ளும்.

இத்தனைக்கும் ஒரே டயர் போதுமா? போதாது. இதைத்தான் நம் மக்கள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கடையில் போய் நின்று, "நல்ல கெட்டியான டயராகக் கொடுங்கள்" என்று கேட்கிறோம். எந்த நிலத்துக்கு என்று சொல்வதில்லை.

பாலைவனம் கற்பித்த பாடம்

எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் சவூதி அரேபியாவில் பல ஆண்டுகள் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, இப்போது இங்கே சொந்த வண்டி வைத்திருக்கிறார். பாலைவனம் என்றால் மணல் என்றுதானே நாம் நினைக்கிறோம்? அவர் சொன்னதைக் கேட்டபோது பாலைவனமும் ஒன்றல்ல, இரண்டு என்று விளங்கியது. ஒன்று மணற்காடு. மற்றொன்று கற்காடு. மதீனாவைச் சுற்றிலும் ஹர்ரா எனப்படும் எரிமலைக் கருங்கல் பரப்புகள் உண்டு என்பதை வரலாறு படித்தோர் அறிவர். மணல் சக்கரத்தை விழுங்கப் பார்க்கும். கல்லோ அதைக் கிழிக்கப் பார்க்கும்.

மணலுக்கு என்ன வழி? ஒட்டகத்தின் பாதத்தைப் பாருங்கள். குதிரையின் குளம்பு போலக் குறுகிக் கடினமாக இராது. மெத்தென்று அகன்று, மிதிக்கும்போது மேலும் விரிந்து கொடுக்கும். ஆகவே புதைவதில்லை. டயரும் அப்படியே. மணலில் இறங்குமுன் ஓட்டுநர் காற்றைக் குறைக்கிறார். டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு கூடுகிறது, பாரம் பரவுகிறது. 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் லிபியப் பாலைவனத்தை ஃபோர்டு கார்களில் கடந்த ஆங்கிலேயர் ரால்ஃப் பேக்னால்டு கையாண்ட முறையும் இதுவே. மணலின் இயல்பை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1941-இல் வெளிவந்தது. ஆனால் மணலைத் தாண்டித் தார்ச்சாலை ஏறியதும் மீண்டும் காற்றடித்தாக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடினால் பக்கச் சுவர் ஓயாது மடங்கி நிமிர்ந்து, சூடேறி, வெடித்துவிடும்.

கல்லுக்கு வழி வேறு. அங்கே முதலில் அறுபடுவது தரையைத் தொடும் பகுதியன்று, பக்கச் சுவரே. பின்னால் இரட்டைச் சக்கரம் பூட்டிய லாரியில், இரண்டு டயர்களுக்கும் நடுவே ஒரு கல் சிக்கினால் போதும், இரண்டின் சுவரையும் அரித்துவிடும். கல் ஏற்றும் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தியதும் கம்பியால் அந்த இடுக்கைக் குத்திப் பார்ப்பது இதனால்தான்.

எதைத் தேர்வது?

லாரி டயரில் பெரும்பிரிவுகள் இரண்டு. பழைய முறையான நைலான் டயரில் இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்கின்றன. பக்கச் சுவர் தடிமன். கல்லின் வெட்டையும் குண்டு குழியையும் தாங்கும். ஆனால் நெடுந்தூர வேகத்தில் சூடேறும். ரேடியல் டயரில் இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்ல, மேற்பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். மிச்சலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை கோரிய முறை இது. சூடு குறைவு, தேய்மானம் குறைவு, டீசலும் மிச்சம். ஆனால் அதன் பக்கச் சுவர் மெல்லியது. அளவெண்ணில் 10.00-20 என்றிருந்தால் நைலான், 10.00ஆர்20 என்று நடுவே 'ஆர்' வந்தால் ரேடியல்.

ஆகவே ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளம் செல்லும் வண்டிக்கு ரேடியல் பொருந்தும். கரிக்காலிக் கற்களில் நாள் முழுதும் மெல்ல ஊர்ந்து ஏறி இறங்கும் வண்டிக்குத் தடித்த நைலானோ, கற்சுரங்கத்துக்கென்றே சுவரை வலுப்படுத்திச் செய்த ரேடியலோதான் உழைக்கும். மேற்பரப்பின் வரியும் அவ்வாறே. நீளவரி ஓடும் ரிப் டயர் முன்சக்கரத்துக்கு. அது திருப்பத்துக்குக் கட்டுப்படும். ஆழமான குறுக்குக் கட்டைகள் கொண்ட லக் டயர் பின்சக்கரத்துக்கு. அது மண்ணைப் பற்றி இழுக்கும். லக் டயரை நெடுஞ்சாலையில் மட்டுமே ஓட்டினால் இரைச்சலும் தேய்மானமுமே மிச்சம்.

வாங்கும்போது பக்கச் சுவரில் பொறித்த நான்கு எண்களையும் பார்க்க வேண்டும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமையடையும். பளபளப்பைக் கண்டு ஏமாறலாகாது.

மொட்டை டயரின் விலை

தேய்ந்த டயரை ரீட்ரேடிங் செய்து ஓட்டுவதில் தவறில்லை. உள்கூடு பழுதின்றி இருந்தால் அது சிக்கனமே. ஆனால் கம்பி தெரியும் டயரையும் சுவரில் புடைப்பு எழுந்த டயரையும் "இன்னும் ஒரு நடை" என்று ஓட்டுவது சிக்கனமன்று. லாரியில் கழித்த மொட்டை டயர் டிராக்டர் டிரெய்லருக்குப் போகிறது. அந்த டிரெய்லரில் களையெடுக்கப் பெண்களை ஏற்றிச் செல்கிறார்கள். டயரில் மிச்சம் பிடிப்பவர் ஒருவர். அதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவர். கழித்த டயருக்கு நம் ஊரில் நல்ல வழியும் உண்டு. அதை அறுத்துச் செருப்புத் தைக்கிறார்கள். கல்லிலும் முள்ளிலும் நடக்கும் கால்களை அது நெடுநாள் காக்கும்.

அருமைச் சகோதரிகளே! மகனுக்கு மினிலாரி வாங்க நகையை அடகு வைப்பவர்கள் நீங்கள்தாம். வண்டியின் வண்ணத்தையும் பெயர்ப்பலகையையும் பேசும் அந்த நாளிலேயே, "எந்தப் பாதையில் ஓட்டப் போகிறாய்? எவ்வளவு பாரம் ஏற்றுவாய்? அதற்கேற்ற டயரா இது?" என்றும் கேளுங்கள். டயரின் வரிப்பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு இறங்கிவிட்டால் ஆயுள் முடிந்தது என்று பொருள். அதைப் பார்க்க மெக்கானிக் வேண்டியதில்லை. ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா, சுவரில் வெட்டு இல்லையா என்று பார்த்த பின்பே வண்டி வாசலை விட்டு நகரட்டும். சரக்கு ஒரு நாள் தாமதமாகச் சேர்ந்தால் வாடகையில் சிறிது குறையும். வண்டியோடு போனவர் பத்திரமாக வீடு திரும்புவார்.