பிழையின் விலை

விடைத்தாள்களிற் பிழை திருத்தி ஊதியம் பெறுபவன் நான். அத்தகைய என்னிடம் பிழையொன்றுக்கு விலை மதிக்குமாறு கேட்டு வந்தார் என் மாணவர் ஒருவர். பெயர்பெற்ற நிறுவனமொன்றின் இணையப் பெயர் ஓரெழுத்துத் திரிந்த வடிவில் விற்பனைக்கு வந்திருந்தது. தங்கையின் படிப்புக்கெனச் சேர்த்த பணத்தால் அதனை வாங்கிப் பன்மடங்கு விலைக்கு விற்கலாமென்பது அவர் எண்ணம்.

இருவரும் கணக்கிட அமர்ந்தோம். விசையைத் தவறி அழுத்தி அங்கு வருவோர் எத்தனை பேர்? அவர்கள் காணும் விளம்பரங்களால் ஆண்டுதோறும் கிடைப்பது எவ்வளவு? அவ்வருவாயே விலைக்கு அடிப்படை. ஆயினும், கூடிய விலை தரக்கூடியவர் மூலப்பெயருக்கு உரியவரே. அவருக்கு விற்கும் நோக்குடன் பெயரைப் பதிவதோ, 1999இல் வகுக்கப்பெற்ற சர்வதேசப் பிணக்குத் தீர்வு விதிகளின்படி தீய நோக்கிற்குச் சான்றாகும், பெயரும் பறிபோகலாம். அவ்வாண்டின் அமெரிக்கச் சட்டம் பெயரொன்றுக்கு 100,000 டொலர் வரை இழப்பீடு விதிக்கவும் இடமளிக்கிறது.

"அப்படியாயின் யாருக்குத்தான் விற்பது, சேர்?" என்றார்.

"உம்மைப் போலக் கனவு காணும் இன்னொருவருக்கு" என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பணம் தங்கையின் படிப்புக்கே சென்றது.