இடது முன் சக்கரம் மட்டும் ஏன் கறுப்பு?

ஆம்பூரில் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வழக்கம் இருந்தது. பைபாஸ் ஓரத்தில் உள்ள வாட்டர் வாஷ் கடையில் வண்டியை விட்டுவிட்டு, எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது டீ முடிவதற்குள் வண்டி பளபளவென்று தயாராகிவிடும். ஷூ கம்பெனிகளுக்கு வரும் வெளிநாட்டு விருந்தினர்களை பெங்களூரு விமான நிலையத்திலிருந்து கூட்டி வருவதுதான் அவருடைய முக்கியமான சவாரி. வண்டி அழுக்காக இருந்தால் அடுத்த முறை போன் வராது. கட்ட வேண்டிய தவணையோ இன்னும் இரண்டு வருடம் பாக்கி.

வண்டியில் அவருக்குத் தீராத தலைவலி சக்கரங்கள்தான். அலாய் வீலின் இடுக்குகளில் காப்பிப்பொடி நிறத்தில் படியும் தூசி, எத்தனை முறை தண்ணீர் பீய்ச்சினாலும் போகாது. ஒருநாள் கடைப் பையன், "இது ஆசிட் போட்டாத்தான்ணே போகும்" என்று சொல்லி, ஒரு கேனிலிருந்து எதையோ ஊற்றித் தேய்த்தான். சக்கரம் புதிதாக வாங்கியது போல் மின்னியது. ஒரு மாதம்தான். அதற்குப் பிறகு அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் கிளம்பின. மேல்பூச்சு நகத்தால் சுரண்டினாலே உரிந்து வந்தது. புது வீல் என்ன விலை என்று விசாரித்துவிட்டு, பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து சக்கரம் கழுவுவது வீட்டு வாசலில்தான்.

அந்தத் தூசி ரோட்டில் இருந்து வருவதில்லை. பிரேக்கை மிதிக்கும்போது, சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்பு டிஸ்க்கை இரண்டு பிரேக் பேடுகள் இருபுறமும் இறுகப் பிடிக்கின்றன. உராய்வில் பேடும் தேய்கிறது, டிஸ்க்கும் தேய்கிறது. அப்போது உதிர்வது இரும்புத்தூள், பேடில் இருக்கும் பிசின், கரி, நார், உலோகப் பொடி எல்லாம் கலந்த ஒரு கலவை. உதிரும்போது அது நல்ல சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டோடு போய் வீலின் மேல்பூச்சில் ஒட்டிக்கொள்கிறது. மழையோ பனியோ பட்டால் அதிலுள்ள இரும்பு துருப்பிடிக்கும். பிறகு அது தூசி அல்ல, கறை. அதனால்தான் வாராவாரம் கழுவினால் வெறும் ஷாம்பூ தண்ணீரில் போவது, மூன்று மாதம் விட்டால் எதற்கும் அசைவதில்லை.

பெரும்பாலான கார்களில் முன்னால்தான் டிஸ்க் பிரேக். பின்னால் டிரம். டிரம்முக்குள் உதிரும் தூள் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். தவிர, பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குகளுக்குத்தான் வேலை அதிகம். முன் சக்கரங்கள் கறுத்தும் பின் சக்கரங்கள் ஓரளவு வெளுத்தும் இருந்தால் அது இயல்புதான்.

கறை பழையதாகிவிட்டதால், யாரோ சொன்னதைக் கேட்டு 'அயர்ன் ரிமூவர்' என்ற திரவத்தை அவர் வாங்கி வந்தார். நிழலில் நிறுத்தி, சக்கரம் நன்றாக ஆறிய பிறகு அதைத் தெளித்தார். இரண்டு நிமிடத்தில் சக்கரத்திலிருந்து நாவல்பழச் சாறு போல ஊதாநிறத்தில் வழிய ஆரம்பித்தது. கூடவே ஒரு நாற்றம். வீட்டுக்குள்ளிருந்து மனைவி ஜன்னலைச் சாத்தினார். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா மாப்பிள்ளை, சுண்ணாம்புத் தொட்டியைத் தொறந்துட்டீங்களா?"

மாமனார் தோல் ஷாப்பில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அதில் பாதிக் காலம், தோலிலிருந்து முடியை எடுக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளில். சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்த்து ஊற வைத்தால் முடி கூழாகிக் கழன்றுவிடும். அழுகிய முட்டை நாற்றம் அதில் பிறப்பதுதான். அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. ஊதாநிறம் காட்டும் அந்த அயர்ன் ரிமூவரில் இருப்பது தயோகிளைகாலேட் என்ற கந்தகச் சேர்மம். முடி நீக்கும் கிரீம்களில் இருப்பதும் இதே குடும்பம்தான். முடியைக் கரைக்கும் அந்தக் குணத்துக்காகச் சில தோல் தொழிற்சாலைகளிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இரும்பைப் பிடித்துக் கரைப்பது இதன் இன்னொரு வித்தை. அதனால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, காய விடக் கூடாது, ஆசிட் எதனோடும் கலக்கவே கூடாது.

"எங்க வேலையிலேயும் இரும்புதான் மாப்பிள்ளை எதிரி" என்றார் மாமனார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது அதன்மேல் ஒரு துளி இரும்புத்தூள் விழுந்தால் போதும், அந்த இடத்தில் கருநீலப் புள்ளி விழுந்துவிடும். பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இதே கணக்குதான். புள்ளி விழுந்த தோல் தரத்தில் இறங்கிவிடும். ஆக்சாலிக் அமிலம் தடவி அதை எடுக்கப் பார்ப்பார்கள். "ஆனா நல்ல மேஸ்திரி கறையை எடுக்கச் சொல்றதுக்கு முன்னாடி, தூள் எங்கேயிருந்து விழுந்துச்சுன்னு கேட்பாரு. மேல ஓடுற குழாய் துருவா, மெஷின் பிளேடு தேயுதான்னு பார்த்துட்டுத்தான் மறுவேலை."

மருமகன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சக்கரம் சுத்தமாகிவிட்டது, அது போதும்.

மூன்றாவது ஞாயிறு. அதற்குள் வேலை கைக்குப் பழகியிருந்தது. உடம்புக்கு முன்னால் சக்கரம், ஒவ்வொன்றாக. சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. ஏனென்றால், அந்தத் துணியில் தங்கும் இரும்புத்தூள் கதவில் பட்டால் பெயின்ட் கீறிவிடும். இடுக்குகளுக்கு மெல்லிய தூரிகை. கழுவியவுடன் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். இது ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே போர் தண்ணீர் தானாகக் காய்ந்தால் உப்புத்தடம் விழும். கடைசியாக மெழுகு. வீலுக்கு மட்டும். பிரேக் டிஸ்க்கின் மேல் மெழுகோ எண்ணெயோ பட்டால் பிரேக் வழுக்கும். முடித்ததும் தெருவில் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் மிதித்து, டிஸ்க்கில் உள்ள ஈரத்தைப் போக்கிவிட வேண்டும்.

அன்று இடது முன் சக்கரத்துத் தண்ணீர் மட்டும் வாளியில் கரியாக நின்றது. வலது முன் சக்கரத்தில் அதில் பாதிகூட இல்லை. போன வாரமும் இப்படித்தான் இருந்ததோ என்று யோசித்தார். ஞாபகம் இல்லை. அதற்கு முந்தைய மாதங்களில் எப்படி இருந்தது என்று தெரிய வழியே இல்லை. அப்போதெல்லாம் அவர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மாமனார் வந்து எட்டிப் பார்த்தார். "நாலும் ஒரே வண்டியிலதானே மாப்பிள்ளை ஓடுது?"

வியாழக்கிழமை மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். பேடுகளைத் தாங்கும் கேலிப்பர், ஓர் ஊசி மீது முன்னும் பின்னும் நகர வேண்டும். அந்த ஊசி துருவேறி இறுகியிருந்தது. காலை எடுத்த பிறகும் பிரேக் முழுதாக விடவில்லை. ஓடும்போதெல்லாம் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளிப்பக்க பேடில் இன்னும் சதை இருந்தது. உள்பக்க பேடு கிட்டத்தட்ட இரும்புத் தகடு வரை தேய்ந்து போயிருந்தது. மைலேஜ் குறைந்ததற்கும், நீண்ட சவாரி முடிந்து இறங்கும்போது வந்த கருகல் வாசனைக்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது. பெட்ரோல் பங்க்கையும் கிளட்ச்சையும் திட்டிக்கொண்டிருந்தார் அவர்.

அந்தச் சனிக்கிழமை குடும்பத்தோடு ஏலகிரி போவதாக இருந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். பொன்னேரியிலிருந்து ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். மலை ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. இறங்கும்போதுதான் தெரியும். ஏற்கெனவே உரசிச் சூடேறிய பிரேக்கை வளைவுக்கு வளைவு மிதித்தால், சூடு தாங்காமல் அதன் பிடி தளர்ந்துகொண்டே வரும். மெக்கானிக் அதிகம் பேசவில்லை. பேடைக் கையில் கொடுத்து, "பார்த்துக்கோங்க" என்றார். இரண்டு பக்கத்துக்கும் புது பேடு, ஊசிக்குச் சுத்தம், பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ். பேடை ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு சக்கரம் மட்டும் அதிகம் கறுத்தால் இப்படி. ஒரு முன் சக்கரம் மட்டும் எப்போதும் சுத்தமாகவே இருந்தால் அதுவும் நல்ல செய்தி அல்ல. அந்தப் பக்க பிரேக் பிடிக்காமலே இருக்கலாம்.

கறுத்த வாளித் தண்ணீரை எங்கே கொட்டுவது என்ற கேள்வி பாக்கி இருந்தது. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றப் போனவரை மாமியார் தடுத்துவிட்டார். சரியான வேலைதான். பிரேக் தூளில் இரும்பு மட்டும் இல்லை, பல பேடுகளில் செம்பும் இருக்கும். மழைநீரோடு ஓடைக்குப் போகும் செம்பு மீன்களைப் பாதிக்கிறது என்பதால், கலிபோர்னியாவில் 2010-ல் சட்டம் போட்டார்கள். 2025 முதல் அங்கே விற்கும் புது பேடுகளில் செம்பு 0.5 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஐரோப்பாவின் 'யூரோ 7' விதிகள், புகைக்கு வரம்பு வைத்தது போல பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்திருக்கின்றன: சாதாரண கார்களுக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம்.

பாலாற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. தோல் கழிவு ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக அழுத்திச் சொன்ன தீர்ப்பு அது. 2025 ஜனவரி 30-லும் அதே பாலாற்றுக்காக இன்னொரு தீர்ப்பு வந்தது. இடையில் 28 வருடத்துக்கும் மேல். ஒரு வாளித் தண்ணீரை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் அவர் இப்போது தண்ணீரைத் தெளிய வைத்து, அடியில் தங்கும் கரியைப் பழைய துணியில் துடைத்துக் குப்பையில் போடுகிறார். இரும்புக்கறைத் திரவத்தை வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தொடுவதில்லை. வாராவாரம் கழுவினால் அதற்குத் தேவையும் இல்லை.

ஏலகிரிப் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போய், பிறகு நடந்தது. இறங்கும்போது இரண்டாவது கியரை விட்டு அவர் மாறவே இல்லை. வேகத்தை எஞ்சினே பிடித்து நிறுத்தியது. புலவர்கள், வள்ளல்கள் பெயரெழுதிய பலகைகளைப் பிள்ளைகள் ஒவ்வொரு வளைவிலும் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார்கள். அடிவாரத்தில் எல்லோரும் இளநீர் குடிக்க இறங்கினார்கள். மாமனார் மட்டும் காரைச் சுற்றி வந்து, இடது முன் சக்கரத்தின் அருகே புறங்கையை நீட்டினார். பிறகு வலதுபக்கம் போய் அங்கேயும் நீட்டினார்.

"ரெண்டும் ஒரே சூடு" என்றார், இளநீரை வாங்கிக்கொண்டே.